ஒரு பெட்டி தக்காளி, ஆறு பாட்டில் சாஸ்

முதல் தடவை நான் செய்த சாஸைத் தோசையில் தொட்டுப் பார்த்துவிட்டு என் மகள் கேட்டாள், "அம்மா, இது ரசமா?" கிண்டலுக்குக் கேட்கவில்லை, அவளுக்கு உண்மையாகவே சந்தேகம். தட்டில் ஊற்றியதும் சிவப்பு விழுது ஒரு பக்கம் குவிந்து நிற்க, அதைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் ஓடி, பாதித் தோசை நனைந்துவிட்டது. இரண்டு கிலோ தக்காளி, ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க, கையில் தெறித்து வந்த இரண்டு கொப்புளம், எல்லாம் சேர்ந்து கிடைத்தது ரசம் என்கிற பேர்.

அன்றே அம்மாவுக்கு போன் போட்டுப் புலம்பினேன். அம்மாவுக்கு இந்த முயற்சியின் மேலேயே மரியாதை இல்லை. "தொக்கு பண்ணத் தெரிஞ்ச வீட்ல இதென்ன வேலை? சர்க்கரை போட்ட தொக்குக்கு சாஸ்னு பேர் வெச்சிருக்கான், அவ்வளவுதான்" என்றார். யோசித்தால் அதில் பாதி உண்மைதான். தொக்கு கெடாமல் நிற்பது உப்பு, காரம், மேலே மிதக்கும் நல்லெண்ணெய் இவற்றால். சாஸ் நிற்பது சர்க்கரையாலும் வினிகராலும். ஆனால் ஒன்பது வயதுப் பெண்ணிடம் போய் சாஸுக்குப் பதில் தொக்கு தொட்டுக்கொள் என்று சொல்லிப் பாருங்கள்.

கடை பாட்டில் வேண்டாம் என்று நான் முடிவெடுத்ததற்குக் காரணம், ஒரு நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் பின்பக்கத்தைப் படித்ததுதான். சேர்மானங்களை எடை வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. எது அதிகமோ அது முதலில் வரும். எங்கள் வீட்டு பாட்டிலில் தண்ணீரும் தக்காளி விழுதும் கழிந்ததும் உடனே நின்றது சர்க்கரை. பொதுவாகக் கெட்சப்பில் ஒரு மேசைக்கரண்டிக்கு 4 கிராம் போலச் சர்க்கரை இருக்கும். என் மகள் ஒரு வேளைக்கு மூன்று கரண்டியாவது ஊற்றுவாள், அதாவது கிட்டத்தட்ட மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அதுவும் தோசைக்கு. காபியில் அரை ஸ்பூன் கூடிப்போனால் கணக்குப் பார்க்கிற வீடு எங்களுடையது.

சரி, வீட்டிலேயே செய்வோம் என்று இறங்கி, ரசம் வைத்து முடித்து, அடுத்த வாரம் தக்காளி வாங்க உடுமலை உழவர் சந்தைக்குப் போனேன். உழவர் சந்தை 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் முதலில் தொடங்கியது, அப்புறம்தான் ஊர் ஊராக வந்தது. விளைவித்தவரே கொண்டுவந்து விற்பதால் கடையில் கேட்க முடியாத கேள்விகளை இங்கே கேட்கலாம்: எப்போது பறித்தது, கடைசியாக எப்போது மருந்து அடித்தது, என்ன ரகம். பதில் எப்போதும் நிஜமாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்கும்போது முகத்தைப் பார்க்கலாம் அல்லவா.

அங்கே நான் வழக்கமாக வாங்கும் ஆத்தா ஒருவர் இருக்கிறார். பளபளவென்று ஒரே அளவில் இருந்த தக்காளியை நான் பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "எதுக்கு கண்ணு இவ்வளவு?" என்றார். சாஸுக்கு என்றேன். "அட, அதுக்கு எதுக்கு அழகு பாக்கறே? அதை வெச்சுட்டு இதை எடுத்துட்டுப் போ" என்று பின்னால் தள்ளி வைத்திருந்த பெட்டியைக் காட்டினார். காம்போரம் வெடித்தது, தோள், அதாவது காம்பைச் சுற்றிய மேல்பகுதி, இன்னும் கொஞ்சம் பச்சையாக இருந்தது, ஒன்று தட்டை, ஒன்று கோணல், எல்லாமே அழுத்தினால் உள்வாங்கும் பழம். விலை பாதி. என் சாஸ் உருப்பட்டது அந்தப் பெட்டியிலிருந்துதான்.

எங்கள் பக்கம் தக்காளியில் இரண்டு சாதி. ஒன்று நாட்டுத் தக்காளி: தட்டை உருண்டை, மெல்லிய தோல், உள்ளே விதையும் கொழகொழப்பும் நிறைய, நல்ல புளிப்பு. இன்னொன்று ஆப்பிள் தக்காளி, பெங்களூர் தக்காளி என்றெல்லாம் சொல்லப்படும் வீரிய ஒட்டு ரகங்கள்: நீள உருண்டை, தடித்த தோல், சதை அதிகம், லாரியில் இரண்டு நாள் குலுங்கினாலும் நசுங்காது. நாட்டு என்றதும் சங்க காலத்திலிருந்து இங்கேயே இருந்தது போல நாம் பேசுகிறோம். தக்காளியே தென் அமெரிக்கச் செடி, போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. அதற்கு முன் இங்கே தக்காளி என்றால் மணத்தக்காளி போன்ற சின்னப் பழங்கள்தான், அதனால்தான் வந்ததைச் சீமைத் தக்காளி என்றார்கள். நாட்டுத் தக்காளி என்று நாம் கொண்டாடும் கூட்டத்தில் பி.கே.எம். 1 என்ற ரகமும் உண்டு. தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தின் மரபணுவில் திடீர் மாற்றத்தைத் தூண்டி, பெரியகுளத்தில் உருவாக்கி 1978இல் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட என் வயதுதான் அதற்கும்.

இந்தப் பச்சைத் தோள் விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. காயாக இருக்கும்போது காம்பைச் சுற்றி அடர் பச்சையாக ஒரு வளையம் இருக்குமே, அதைச் சந்தையில் குறையாகப் பார்ப்பார்கள், பழுத்தாலும் சிவப்பு ஒரே சீராக வராது என்பதால். அதனால் சீராகச் சிவக்கிற ரகங்களையே பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். 2012இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, அப்படித் தேர்ந்தெடுத்ததில் என்ன போனது என்று கண்டுபிடித்தது. பழத்திலேயே பசுங்கணிகங்களை (இலைக்குப் பச்சை நிறம் தந்து, வெயிலில் உணவு தயாரிக்கும் நுண்பகுதிகள்) வளர்க்கும் ஒரு மரபணு அந்த ரகங்களில் வேலை செய்வதில்லை. அந்தப் பச்சை இருந்தால் பழம் தானே கொஞ்சம் சர்க்கரை தயாரித்துக்கொள்ளும். பச்சை போனதும் அதுவும் போயிற்று. அழகுக்காக ருசியை விற்றுவிட்டு, அப்புறம் சாஸ் பாட்டிலில் சர்க்கரையைக் கொட்டுகிறோம்.

ஆனால் நாட்டுத் தக்காளி மட்டும் போட்டால் சாஸ் கட்டியாக வெகு நேரமாகும், கேஸ்தான் தீரும். நான் இரண்டு பங்கு நாட்டும் ஒரு பங்கு ஆப்பிள் தக்காளியும் சேர்க்கிறேன். விதையைச் சுற்றியிருக்கும் கொழகொழப்பில்தான் புளிப்பும், நாக்கில் ஊறும் அந்தச் சுவையைத் தரும் குளுட்டமிக் அமிலமும் அதிகம். தடித்த சதையில் கனம் இருக்கிறது. விதையைச் சுரண்டிப் போட்டுவிட்டுச் சமைக்கச் சொல்லும் குறிப்புகளைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவே பொறுக்காது. விதை வேண்டாம் என்றால் வெந்த பிறகு சல்லடையில் நிறுத்திக்கொள்ளலாமே.

பொறுக்கும்போது நான் பார்ப்பது முதலில் கனம். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய எடை தெரிய வேண்டும். லேசாக இருந்தால் உள்ளே வெற்றறை. அப்புறம் காம்பு இருந்த குழியில் மூக்கை வைத்துப் பார்ப்பேன் (சந்தையில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பழகிவிட்டது). செடியில் பழுத்ததற்குச் செடியின் வாசனை இருக்கும். காயாகப் பறித்து வெளியே பழுக்க வைத்தது பெரும்பாலும் எதையும் சொல்லாது. காம்போரம் வெடிப்பு, காய்ந்த தழும்பாக இருந்தால் பரவாயில்லை. வறட்சிக்குப் பிறகு திடீரென்று மழையோ தண்ணீரோ கிடைத்து உள்ளே வீங்கித் தோல் விட்டிருக்கும், அவ்வளவுதான். வெடிப்பில் ஈரமோ வெள்ளைப் பூஞ்சையோ தெரிந்தால் முழுப் பழத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான், வெட்டிவிட்டுப் பயன்படுத்தும் வேலை வேண்டாம். அடியில் கறுப்பாகத் தோல் போலக் காய்ந்திருந்தால் அது வேறு கதை. பழத்துக்குச் சுண்ணாம்புச் சத்து ஒழுங்காகப் போய்ச் சேராததாலும், தண்ணீர் ஒரு நாள் அதிகம் ஒரு நாள் இல்லை என்று பாய்ந்ததாலும் வருவது. அதில் அழுகல் ஏறாமல் இருந்தால் அந்தப் பகுதியை அரிந்துவிட்டு மிச்சத்தைத் தாராளமாகச் சமைக்கலாம். சின்ன ஊசித் துளை தெரிந்தால் பிளந்து பார்க்காமல் போடாதீர்கள், உள்ளே ஒருவர் குடியிருப்பார்.

சித்திரை, வைகாசியில் எவ்வளவு பழுத்ததை வாங்கினாலும் சாஸ் ஆரஞ்சாகத்தான் வரும். இதை என் கைப்பிழை என்று இரண்டு வருஷம் நினைத்திருந்தேன். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும்போது தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைக்கோபீன் உருவாவது குறைந்துவிடுகிறது, மஞ்சள் நிறமி மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே தை, மாசியில்தான் எங்கள் வீட்டு சாஸ் வேலை. அந்த லைக்கோபீன் வெந்தபின், கொஞ்சம் எண்ணெயோடு சேரும்போதுதான் உடம்பில் நன்றாகச் சேரும் என்பது இன்னொரு சௌகரியம். வைட்டமின் சி கொதியில் போகும், அதை மறைக்கவில்லை. அதற்குப் பச்சையாக நறுக்கித் தின்ன வேண்டும்.

வாங்கி வந்ததை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் பழுத்த தக்காளியை 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். வாசனைக்குக் காரணமான பொருட்களை உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிப்போய், வெளியே எடுத்து வைத்த பிறகும் வாசனை முழுதாகத் திரும்பவில்லை. நான் தரையில் பழைய பேப்பர் விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி பரப்பி வைப்பேன். மறுநாள் இன்னும் ஒரு சுற்று சிவந்திருக்கும்.

மருந்து பற்றி எல்லோரும் கேட்பார்கள். தக்காளிக்குக் காய்ப்புழுவும் ஊசிப்புழுவும் பெரிய தொல்லை, அடிக்காமல் விளைவிப்பது சுலபமில்லை. அடிக்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறவரைவிட, அடித்து எத்தனை நாள் விட்டுப் பறித்தேன் என்று சொல்கிறவரை நான் நம்புவேன். ஆத்தாவின் தோட்டத்துக்கு ஒரு முறை போயிருக்கிறேன், தக்காளி வரிசைகளுக்கு நடுவே நடுவே செண்டுமல்லி. பூ விற்க என்று நினைத்தேன். "அதுல போய் முட்டை வெக்கட்டும்னு நட்டு வெச்சிருக்குது கண்ணு" என்றார். காய்ப்புழுவின் அந்துப்பூச்சியைச் செண்டுமல்லிக்கு இழுத்துவிடும் வித்தை. அப்படிச் செய்தால் தெளிப்பு குறையும்.

வீட்டில் கழுவும் விஷயத்தில் பணம் கொடுத்து ஏதோ திரவம் வாங்கத் தேவையில்லை. ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினாலே மேலே ஒட்டியிருப்பதில் நல்ல பங்கு போய்விடும். 2017இல் அமெரிக்காவில் ஆப்பிளை வைத்துச் செய்த ஆய்வில், சமையல் சோடா கரைத்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவிட்டால் மேற்பரப்பில் இருந்த இரண்டு மருந்துகளும் நீங்கின, தோலுக்குள் ஊறியது மட்டும் போகவில்லை. நானும் வாளித் தண்ணீரில் சோடா கரைத்துக் கால் மணி நேரம் போட்டு, பிறகு இரண்டு தண்ணீர் அலசுகிறேன். ஆனால் முதலில் வெடித்ததைத் தனியே பிரித்துவிட வேண்டும், அவற்றை ஊற வைத்தால் அழுக்குத் தண்ணீர் உள்ளே போகும். குழாயில் காட்டி அரிந்து நேராகப் பாத்திரத்தில்.

இப்போது அந்த ரசத்துக்கு வருகிறேன். நான் செய்த தவறு, தக்காளியைப் பச்சையாக மிக்ஸியில் அடித்து, கரண்ட் போய், ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு அப்புறம் கொதிக்க வைத்தது. தக்காளியை அரிந்ததும் அதிலுள்ள நொதிகள் பெக்டினை அறுக்க ஆரம்பித்துவிடும். சாஸுக்குக் கட்டியைத் தருவது அந்தப் பெக்டின்தான். அது அறுந்துவிட்டால் எவ்வளவு சுண்டினாலும் தண்ணீர் தனியே பிரிந்துகொண்டேதான் இருக்கும். ஆலைகளில் நசுக்கியவுடனே 90 டிகிரி போலச் சூடேற்றிவிடுகிறார்கள், நொதிகள் அதில் செத்துவிடும். வீட்டில் அதற்கு வழி சுலபம்: பாத்திரத்தை முதலில் அடுப்பில் வைத்து, பெரிய தீயில் ஐந்தாறு பழத்தை அரிந்து போட்டு நசுக்கி, அது கொதி வந்ததும் அடுத்த ஐந்தாறு, இப்படியே கொதி அடங்க விடாமல் போட்டுக்கொண்டே போவது. நானும் கணவரும் ஆளுக்கொரு கத்தியோடு உட்கார்ந்தால் ஆறு கிலோ அரை மணியில் முடியும். இது ஒன்றை மாற்றியதும் என் சாஸ் சாஸாகிவிட்டது.

குழைந்ததும் ஆறவைத்து, மிக்ஸி பக்கமே போகாமல், சல்லடையில் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து எடுக்கிறேன். மிக்ஸியில் விதை அரைபட்டால் லேசாகக் கசக்கும், காற்று ஏறி நிறமும் வெளுக்கும். ஆறு கிலோவுக்கு ஐந்து லிட்டர் போலச் சாறு வரும். அகலமான, அடி கனமான எவர்சில்வர் பாத்திரம் வேண்டும்; இரும்புச் சட்டியோ அலுமினியமோ இந்தப் புளிப்புக்கு ஆகாது. கால் கிலோ வெங்காயம், ஐம்பது கிராம் இஞ்சி, ஒரு பூண்டு எல்லாம் நசுக்கி, இரண்டு துண்டு பட்டை, ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், ஆறு கிராம்பு, நான்கைந்து வரமிளகாயோடு வெள்ளைத் துணியில் மூட்டை கட்டிச் சாற்றில் தொங்கவிட வேண்டும். கிராம்பின் தலையைக் கிள்ளிவிடுங்கள். அதிலுள்ள துவர்ப்பு, இரும்புச் சத்தோடு சேர்ந்து பாட்டிலின் கழுத்தில் கறுப்பு வளையம் கட்டும். தெரியாமல் போட்டு ஒரு பாட்டிலைச் சந்தேகப்பட்டுக் கொட்டியிருக்கிறேன்.

சர்க்கரை 200 கிராம். புத்தக அளவுகளில் ஒரு கிலோ சாற்றுக்கு 75 கிராம் போடச் சொல்வார்கள், நான் 40க்கு இறங்கிவிட்டேன். மூன்றில் ஒரு பங்கை முதலிலேயே போட்டுவிட்டு, சாறு மூன்றில் ஒன்றாகச் சுண்டியதும் மூட்டையைப் பிழிந்து எடுத்து, மிச்சச் சர்க்கரையும் 40 கிராம் உப்பும். இரண்டரை மணி நேரமாவது ஆகும், கடைசி அரை மணி கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும், எரிமலை மாதிரி தெறிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பதம் பார்க்க, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்க்கவும். சொட்டைச் சுற்றித் தண்ணீர் வளையம் கசிந்தால் இன்னும் ஆகவில்லை. வினிகர் 150 மில்லி, இறக்க ஐந்து நிமிடம் முன்னால் மட்டும். முன்பே ஊற்றினால் ஆவியாகப் போய்விடும், வீடும் நாறும்.

பாட்டில்களைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து எடுத்து, கொதிக்கக் கொதிக்கச் சாஸை ஊற்றி மூட வேண்டும். 300 மில்லியில் ஆறு பாட்டில் வரும். இங்கேதான் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. "எந்த ரசாயனமும் இல்லை, ஒரு வருஷம் கெடாது" என்று வீட்டு சாஸைப் பற்றி எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கெட்சப்பில் பென்சோயேட் என்ற கெடாமல் காக்கும் மருந்தைப் போடாமல் முடியாது என்று பல உற்பத்தியாளர்கள் வாதாடினார்கள். ஹைன்ஸ் கம்பெனிதான் நன்கு பழுத்த தக்காளியை எடுத்து, வினிகரையும் சர்க்கரையையும் கூட்டிப் பென்சோயேட்டை விட்டது. கெட்ட பழத்தை மறைக்க மருந்து, மருந்தை விட்டால் சர்க்கரை. இன்று நம் கடை பாட்டில்களில் பலவற்றில் ஐ.என்.எஸ். 211 என்று எழுதியிருப்பது அதே சோடியம் பென்சோயேட்தான். அதுவும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம் என்றால் மிச்சமிருப்பது ஃப்ரிட்ஜ் மட்டும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. முதல் வருஷம் அலமாரியில் வைத்த ஒரு பாட்டில் பங்குனி வெயிலில் மூடி உப்பி, திறந்ததும் புஸ்ஸென்று நுரைத்தது. ருசி பார்க்காமல் கொட்டினேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். இப்போது ஒன்று ஃப்ரிட்ஜில், மற்ற ஐந்தும் டப்பாக்களில் ஃப்ரீஸரில். திறந்ததை மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுகிறோம். ஈரக் கரண்டி கூடாது என்பது என் மகளுக்கு மட்டும் இன்னும் மனப்பாடமாகவில்லை.

கணக்குப் போட்டால் இலாபமா என்று கணவர் கேட்பார். போன மாசியில் 14 கிலோ பெட்டி 120 ரூபாய்க்கு வாங்கினேன். அதற்கும் கீழே போனால் பறிக்கும் கூலிக்கே கட்டாது, மாட்டுக்குக் கொட்டுவார்கள், சாலையோரம் கொட்டுவார்கள். அதே தக்காளி 2023 ஜூலையில் நூறைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசாங்கமே கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. ஆறு கிலோ சாஸுக்குப் போக மிச்சத்தில் ஒரு படி தொக்கு (அம்மாவைச் சமாதானப்படுத்த), பக்கத்து வீட்டுக்கு ஒரு கிலோ. சல்லடையில் நின்ற தோலை மொட்டை மாடியில் காய வைத்துப் பொடித்து இட்லிப் பொடியில் கலக்கிறேன், புளிப்பாக நன்றாக இருக்கிறது. கேஸையும் என் மதியத்தையும் கணக்கில் சேர்த்தால் இலாபம் என்று சொல்ல வராது.

அம்மா போன வாரம் வந்திருந்தார். சாஸை ஒரு விரலில் தொட்டு வாயில் வைத்து, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "பெருங்காயம் போடலையா?" என்றார். நேற்றுச் சந்தைக்குப் போனபோது பெட்டி 400க்கு ஏறியிருந்தது. ஃப்ரீஸரில் இரண்டு டப்பா இருக்கிறது, தை வரை ஓட்ட வேண்டும்.